அவசர வேளைக்கு ஒரு மின்கல விளக்கு



மின்சாரம் இல்லாத இரவு எத்தகையது என்பதை நம்மில் பலர் அறியோம். பொத்தானை அழுத்தியதும் வீடெங்கும் ஒளி பரவுகின்றது. அது என்றும் உண்டு என்று எண்ணி வாழ்கின்றோம். ஆயினும் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதிலும் மின்சாரம் தடைப்பட்டதை உங்கள் பெற்றோர் இன்றும் நினைவுகூர்வர். 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிலாங்கூரில் பெருவெள்ளம் புகுந்தபோது, ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் பலர் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் இருந்தபடி மீட்புப் படகுக்காகக் காத்திருந்தனர். வெள்ளநீர் துணை மின்நிலையங்களை எட்டும்போது, உயிர்ச்சேதம் நேராதிருக்க மின்சாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். ஆகவே வெள்ளமும் இருளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

அத்தகைய வேளைக்கு உதவும் மின்கல விளக்கு ஒன்றைக் குறைந்த செலவில் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். சாரணர் இயக்கத்திற்கும் அறிவியல் கழகத்திற்கும் பொறுப்பாசிரியர்களாக இருக்கும் நாங்கள் இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகின்றோம்.

பள்ளி விடுமுறையில் நம் சாரணர்கள் 28 பேரை உலு லங்காட் வட்டாரத்தில் ஓர் ஆற்றங்கரைக்குப் பாசறைக்காக அழைத்துச் சென்றிருந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள், கடையொன்றில் ஒன்று 15 ரிங்கிட் விலையில் இரண்டு மின்கல விளக்குகள் வாங்கினோம். ‘30 மணி நேரம் எரியும்’ என்று பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மின்கலங்களும் பெட்டியிலேயே இருந்தன. மாலை ஏழரை மணிக்கு அவற்றை ஏற்றியபோது கண் கூசிற்று. நல்ல பொருளை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்தோம். பத்து மணிக்கு ஒளி மங்கியது. நள்ளிரவில் இரண்டும் மின்மினிப் பூச்சிகளைப் போல் ஆயின.

பின்னிரவு இரண்டு மணியளவில் ஆற்றின் ஓசை மாறியது. மலைப்பகுதியில் பெய்த மழை திடீரெனத் திரண்டு வருவதை மலாய் மொழியில் ‘கெபாலா ஆயர்’ என்பர். அதன் கொடுமையை அறிந்திருந்தமையால் மாணவர்களை உடனே எழுப்பி, மேட்டிலிருந்த மண்டபத்திற்கு நடத்தினோம். கைப்பேசியின் ஒளியில் எண்ணினோம். 27 பேர் இருந்தனர். மீண்டும் எண்ணினோம். 27 பேரே. கைப்பேசியில் மின்சாரம் தீரும் தறுவாயில் இருந்தது. காணாத மாணவன், நாங்கள் சொன்ன சொல்லைக் கேட்டு எல்லாருக்கும் முன்பாகவே மண்டபத்தினுள் சென்று, ஒரு தூணின் பின்னே நடுங்கியபடி நின்றுகொண்டிருந்தான். அவன் எங்களைக் காணவில்லை. நாங்கள் அவனைக் காணவில்லை. நல்லவேளையாக ஆறு கரைகடக்கவில்லை. எனினும் அவனைக் கண்டுபிடிக்கும்வரை கழிந்த பத்து நிமிடங்களை நாங்கள் மறக்க இயலாது.

ஊர் திரும்பும் பேருந்தில் அம்மாணவனே, “ஐயா, பெட்டியில் 30 மணி நேரம் என்று போட்டிருந்ததே, அது பொய்யா?” என்று வினவினான். அப்போது எங்களிடம் விடையில்லை. பின்னர் அறிவியல் கழக மாணவர்களோடு சேர்ந்து தேடிக் கண்ட விடையைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

நம் பாட்டன்மார் தோட்டப்புற லயன்களில் வாழ்ந்த நாளில் மண்ணெண்ணெய் விளக்கே துணையாக இருந்தது. பால்மரம் சீவச் செல்வோர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்வர். திருமணப் பந்தலில் மட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறிக்கொண்டு எரியும். அவ்விளக்குகளில் எண்ணெய் எவ்வளவு மீதமுள்ளது என்பதைக் கண்ணால் காணலாம், குலுக்கியும் அறியலாம். மின்கலத்திலோ உள்ளிருப்பது தெரியாது. நம்மைப் போன்றோர் ஏமாறுவதற்கு அதுவே முதற்காரணம்.

மின்கலத்தின் வரலாறு இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் அறிவித்த மின்னடுக்கிலிருந்து தொடங்குகின்றது. மின்னொளியின் வரலாற்றில் நமக்கு இங்கு வேண்டுவது எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் இருமுனையம் பற்றிய பகுதியே. கண்ணுக்குத் தெரியும் செந்நிற எல்.இ.டி. 1962இல் உருவாக்கப்பட்டது. வெள்ளொளி பெற நீல நிற எல்.இ.டி. தேவைப்பட்டது. அதனை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது. பழைய இழை விளக்கு தான் பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே இழக்கும். எல்.இ.டி. விளக்கோ ஒரு வாட் ஆற்றலைக்கொண்டு ஏறத்தாழ 100 லூமென் ஒளி தரவல்லது. சிறு மின்கலங்களைக்கொண்டு ஓர் அறைக்கு ஒளியூட்ட இயல்வது இதனால்தான்.

லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமென் ஒளி தரும் என்று நினைவிற்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். 100 லூமென் விளக்கு எட்டு மெழுகுவர்த்திகளுக்குச் சமம். ஒரு கூடாரத்திற்கு அதுவே மிகுதி. குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து உண்பதற்கு 200 லூமென் போதும். இரவு முழுவதும் எரியவிட 10 அல்லது 20 லூமெனே சாலும். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு அதுவே தாராளம். ‘1000 லூமென்’ என்று கூவி விற்கும் விளக்கைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. அவ்வளவு ஒளி உண்மையிலேயே வருமாயின், அதற்கு ஏறத்தாழ 10 வாட் ஆற்றல் வேண்டும். சிறு மின்கலங்கள் அதனைச் சிறிது நேரமே தாங்கும்.

இனி மின்கலத்திற்கு வருவோம். அறிந்துகொள்ளவேண்டிய செய்தி இங்கேதான் மிகுதி.

கடையில் ‘ட்ரிப்பிள் ஏ’, ‘டபுள் ஏ’, ‘டி’ எனப் பல அளவுகளில் மின்கலங்கள் கிடைக்கின்றன. இம்மூன்றிலும் மின்னழுத்தம் ஒன்றே, 1.5 வோல்ட். ஆதலால் மாணவர்கள், “மூன்றும் ஒன்றுதானே ஐயா?” என்று கேட்பதுண்டு. அழுத்தம் ஒன்றாயினும் சேமிப்பு ஒன்றன்று. சிறு குவளையையும் பெரிய குடத்தையும் ஒரே உயரத்தில் வைத்ததைப் போன்றது அது. ‘அல்கலைன்’ வகையைச் சேர்ந்த டபுள் ஏ மின்கலம் ஒன்றில் ஏறத்தாழ 3 வாட்-மணி ஆற்றல் உண்டு. அதாவது ஒரு வாட் விளக்கை மூன்று மணி நேரம் எரிக்கலாம். ட்ரிப்பிள் ஏயில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவே. தடித்த டி மின்கலத்திலோ ஏறத்தாழ 18 வாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு டி மின்கலம் ஆறு டபுள் ஏ மின்கலங்களுக்குச் சமம் என்று கொள்ளலாம்.

எங்கள் 15 ரிங்கிட் விளக்கின் அடிப்பாகத்தைத் திறந்து பார்த்தோம். மூன்று ட்ரிப்பிள் ஏ மின்கலங்கள் இருந்தன. மேலும் அவற்றின்மேல் ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருந்தது. இச்சொற்கள் பலரை ஏமாற்றுகின்றன. மிகுந்த உழைப்பைத் தாங்குவது என்ற பொருளை அவை தந்தாலும், அப்பெயரில் விற்கப்படுபவை துத்தநாகமும் கரியும் கொண்டு செய்யப்படும் பழைய வகை மலிவு மின்கலங்களே. அல்கலைன் மின்கலத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் அவற்றில் இருக்கும். சுவர்க் கடிகாரத்திற்கும் தொலைக்காட்சிக் கைக்கருவிக்கும் அவை போதும், விளக்கிற்குப் போதா. ஆகவே மின்கலம் வாங்குகையில் ‘அல்கலைன்’ என்னும் சொல் உறையின்மேல் இருக்கின்றதா என்று தேடிப் பார்த்தல் வேண்டும்.

இனி எங்கள் சோதனையைச் சொல்வோம். அறிவியல் அறையின் சன்னல்களைக் கறுப்புத் தாளால் மூடினோம். நீண்ட மேசையின் ஒரு முனையில் விளக்கை வைத்தோம். மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலை ஒரு மாணவி கையில் பிடித்துக்கொண்டு, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்வரை பின்னோக்கி நடந்தாள். எவ்வளவு தொலைவில் வாசிக்க இயலாமற்போகின்றதோ அத்தொலைவை அளந்து குறித்தோம். ஒளிமானி நம் பள்ளியில் இல்லை. எனினும் இம்முறையில் ஒரு நன்மை உண்டு. விளக்கிலிருந்து இரு மடங்கு தொலைவு சென்றால் நூலின்மேல் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பது இயற்பியல் விதி. எனவே வாசிக்கும் தொலைவு பாதியாகக் குறைந்தால், விளக்கின் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிட்டது என்று அறியலாம்.

முதல் விளக்கு பாசறைக்குச் சென்ற அதே விளக்கு. அதனைக் குறைகூறுவதற்கு முன் நியாயம் செய்ய எண்ணி, புதிய அல்கலைன் மின்கலங்களை இட்டோம். தொடக்கத்தில் 4 மீட்டர் தொலைவிலும் வாசிக்க முடிந்தது. ஒரு மணி நேரத்திற்குப் பின் 3 மீட்டர். மூன்று மணி நேரத்திற்குப் பின் ஒன்றேகால் மீட்டர். அதாவது ஒளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மாலையில் அதனை அணைக்காமல் பூட்டிவிட்டுச் சென்றோம். மறுநாள் காலை வந்தபோது விளக்கு இன்னும் ‘எரிந்துகொண்டு’தான் இருந்தது! இருட்டில் அஃது இருக்குமிடம் தெரிந்தது. அதனால் வேறொன்றும் தெரியவில்லை.

மாணவனின் வினாவிற்கு விடை அந்தக் காலைப்பொழுதில் கிட்டியது. விளக்கு கடைசிப் புள்ளியாக மங்கும்வரை கணக்கிட்டால் 30 மணி நேரம் வரக்கூடும். அதனைப் பொய் என்று முழுதும் தள்ளவும் இயலாது. மெய் என்று கொள்ளவும் இயலாது. அமெரிக்க நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல் கைவிளக்குகளுக்கென ‘எஃப்.எல். 1’ என்னும் தர அளவை முறை வழக்கிலுள்ளது. அம்முறைப்படி, விளக்கின் ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரமே ‘எரியும் நேரம்’ எனப்படும். அவ்வாறு அளந்திருந்தால் எங்கள் விளக்கின் பெட்டியில் 3 மணி நேரம் என்றே எழுதியிருக்க வேண்டும். நம் நாட்டுக் கடைகளிலும் அத்தர அளவைக் குறியுள்ள பெட்டிகள் கிடைக்கின்றன. குறியில்லாத பெட்டியில் எழுதிய நேரத்தை நாங்கள் இப்போது படிப்பதேயில்லை; மின்கலத்தின் அளவையும் எண்ணிக்கையையும் கேட்டு, நாங்களே பெருக்கி வகுத்துக்கொள்கின்றோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக்கூட இக்கணக்கு எளிது.

இரண்டாவது விளக்கு மூன்று டி மின்கலங்களால் எரிவது. விலை 35 ரிங்கிட். அதனை ஏற்றியபோது மாணவர்கள் முகத்தைச் சுளித்தனர். முதல் விளக்கைப்போல் கண்ணைப் பறிக்கவில்லை. 2 மீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலேயே வாசிக்க முடிந்தது. ஆனால் பத்து மணி நேரம் கழித்தும் அதே 2 மீட்டர் இருந்தது. இரவும் பகலும் அணைக்காது வைத்திருந்தோம். 48 மணி நேரத்திற்குப் பின் ஒன்றரை மீட்டர். மூன்றாம் நாள் மாலை, 60 மணி நேரம் முடிந்தபோது ஒரு மீட்டர். முகம் சுளித்தவர்கள் வியந்து நின்றனர்.

மூன்றாவது, மின்னேற்றம் செய்யும் விளக்கு, 40 ரிங்கிட். உள்ளே 18650 எனப்படும் லித்தியம் அயனி மின்கலம் ஒன்று இருந்தது. அவ்வெண்ணின் பொருள் வேறொன்றுமில்லை. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே. இவ்விளக்கின் நடத்தை முற்றிலும் வேறாக இருந்தது. முதல் மணி முதல் ஆறாம் மணி வரை ஒளி சற்றும் குறையவில்லை. பின்னர், எவ்வித முன்னறிவிப்புமின்றிச் சட்டென்று அணைந்துவிட்டது. உள்ளிருக்கும் மின்சுற்று ஒளியைச் சீராக வைப்பதோடு, மின்கலம் அளவுக்குமேல் வறண்டு கெடாதவாறும் தடுப்பதால் இவ்வாறு நிகழ்கின்றது. மங்கி மங்கி அணையும் விளக்கு எச்சரிக்கை தரும், இது தராது. மீதமுள்ள மின்சாரத்தைக் காட்டும் சிறு விளக்குப் புள்ளிகள் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தல் நலம்.

செலவுக் கணக்கை மாணவர்கள் கரும்பலகையில் போட்டனர். முதல் விளக்கிற்கு மூன்று மின்கலங்கள் 6 ரிங்கிட். பயன்தரும் நேரம் 3 மணி. ஆக, ஒரு மணி நேர ஒளிக்கு 2 ரிங்கிட். டி மின்கலங்கள் மூன்றும் 30 ரிங்கிட். 60 மணி நேரம். ஒரு மணிக்கு 50 சென். மின்னேற்ற விளக்கை ஒருமுறை நிரப்பும் மின்சாரத்திற்கு ஒரு சென்னும் ஆகாது. விலை குறைந்த விளக்கே செலவு மிகுந்த விளக்கு என்று கண்டபோது எல்லாரும் சிரித்தோம். பாசறை இரவை எண்ணிய எங்களால் அதிகநேரம் சிரிக்க இயலவில்லை.

அப்படியாயின் மின்னேற்ற விளக்கே சிறந்தது என்று முடிவுசெய்யலாமா? இங்கே இடத்தையும் வேளையையும் கருதவேண்டும். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். வெள்ளத்தில் மூன்று இரவுகள் மின்சாரமின்றிக் கழிக்க நேர்ந்தால் 36 மணி நேர ஒளி தேவை. ஆறு மணி நேரம் எரியும் விளக்கு முதல் நள்ளிரவிலேயே ஓய்ந்துவிடும். மீண்டும் நிரப்ப மின்சாரம் இராது. குறைந்த ஒளியில் வைத்தால் அதுவும் பலமடங்கு நேரம் எரியும் என்பது உண்மையே. எனினும் வெள்ளத்திற்கென்று ஒரே ஒரு விளக்குத்தான் வாங்க இயலும் எனில், நாங்கள் டி மின்கல விளக்கையே பரிந்துரைப்போம். ஓரிரவுப் பாசறைக்கும், ஓரிரு மணி நேரம் மின்சாரம் தடைப்படும் வீட்டிற்கும் மின்னேற்ற விளக்கே போதும்.

டி மின்கலம் எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்ற குறை உண்டு. டபுள் ஏ மின்கலமோ இரவு பத்து மணிக்கும் மூலைக்கடையில் கிடைக்கும். இதற்கு ஒரு வழி இருக்கின்றது. டபுள் ஏ மின்கலத்தை உள்ளே வைத்து டி மின்கலத்தின் இடத்தில் பொருத்தும் நெகிழி உறைகள் சில ரிங்கிட்டுக்கு விற்கின்றன. ஆற்றல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் விளக்கு எரியும்.

லித்தியம் மின்கலத்தைப் பற்றி இன்னொரு சொல். இணையக் கடைகளில் 18650 மின்கலத்தின்மேல் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதி மிக மலிவாக விற்பதைக் காணலாம். பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்யும் அதே அளவுள்ள கலங்களே 3,500 என்னும் அளவையொட்டித்தான் உள்ளன. 9,900 என்னும் எண்ணைக் கண்டவுடனேயே அக்கடையை விட்டு நகர்ந்துவிடலாம். உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தலாகாது. தலையணைக்கடியிலும் மெத்தைமேலும் வைத்து மின்னேற்றம் செய்யலாகாது. வெயிலில் நிறுத்திய மகிழுந்தினுள் விட்டுவைத்தலும் தீது. சுவரில் செருகும் மின்னேற்றி உடன்வருமாயின் அதில் சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்க்கவேண்டும்.

முன்னாளில் பல வீடுகளில் குழல்விளக்கு பொருத்திய அவசர விளக்கு ஒன்று அலமாரியின்மேல் இருக்கும். உள்ளே ஈய-அமில மின்கலம். வாங்கிய ஆண்டில் நன்றாக எரியும். பின்னர் மின்னேற்றம் செய்ய மறந்துவிடுவார்கள். வறண்டு கிடந்த மின்கலம் உள்ளேயே கெட்டுவிடும். மின்சாரம் நின்ற இரவில்தான் அது செத்துப்போனது தெரியவரும். இன்றைய லித்தியம் விளக்கிற்கும் மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் மின்னேற்றம் வேண்டும். இதனை நினைவிற்கொள்ள இயலாத வீட்டார்க்கு அல்கலைன் மின்கலமே ஏற்றது. உறை பிரிக்காமல் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் அது பல்லாண்டுகள் கெடாதிருக்கும். பயன்படுத்தத்தக்க இறுதி ஆண்டு அதன்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

ஆனால் அல்கலைன் மின்கலத்தை விளக்கினுள்ளேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தலாகாது. அதனுள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் உள்ளது. நாளடைவில் அது கசிந்து, வெண்ணிறப் பொருக்காகப் படிந்து, உலோகத் தகடுகளை அரித்துவிடும். எங்கள் வீடொன்றிலும் நல்ல கைவிளக்கு ஒன்று இவ்வாறே பாழாயிற்று. அணைத்துவைத்தபோதும் சில விளக்குகளின் மின்சுற்று சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதும் அறியத்தக்கது. மின்கலங்களைக் கழற்றி, விளக்கோடு ஒரே பையில், ஆனால் தனியாகக் கட்டிவைத்தலே முறை. கசிந்த பொருக்கை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்ட துணியால் பெரியவர்கள் துடைத்தெடுக்கலாம். கையுறை அணிதல் வேண்டும். பழைய மின்கலத்தையும் புதியதையும் கலந்து இடுதல் கூடாது. வலுவிழந்த கலத்தின் வழியே மற்றவை மின்சாரத்தை உந்துவதால் அதுவே முதலில் கசியும்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், பொத்தான் வடிவ மின்கலங்களால் எரியும் சிறு விளக்குகளை வாங்கவே கூடாது. குழந்தை அதனை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள் கடும்புண் உண்டாக்கக்கூடும். அவ்வாறு நேர்ந்ததென ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

விளக்கின் அமைப்பில் பார்க்கவேண்டியவை சிலவே. மேலே மாட்டும் கொக்கி கட்டாயம் இருத்தல் வேண்டும். தரையில் வைத்த விளக்கு கண்ணைக் கூசச்செய்து நிழலைப் பெருக்கும். தலைக்குமேல் தொங்கும் விளக்கே அறை முழுவதும் ஒளி தரும். எல்.இ.டி. வெறுமனே தெரியாமல் பால்வெண்மை நிறமுள்ள நெகிழியால் மூடியிருத்தல் நலம். பொத்தானை முதன்முறை அழுத்தியதும் குறைந்த ஒளி வருவதாயின் இன்னும் நன்று. மஞ்சள் கலந்த ஒளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கும்; ஆற்றங்கரையில் உண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். நீர்காப்பைக் குறிக்க ‘ஐ.பி.எக்ஸ்.’ என்னும் குறியீட்டோடு ஓர் எண் இருக்கும். 4 என்றால் எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். மழைக்கு அது போதும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் கெடாது. பின்னது விலை கூடியது. வெள்ளம் புகும் தாழ்நிலத்தில் வசிப்பவர்கள் அன்றி மற்றவர்கள் அதற்காகச் செலவிட வேண்டியதில்லை.

விளக்கு வாங்கவே வசதியில்லாத குடும்பங்களும் நம் பள்ளியில் உண்டு. அவர்களுக்கு மாணவர்கள் கண்ட வழியைச் சொல்கின்றோம். வீட்டிலுள்ள சாதாரணக் கைவிளக்கை ஒரு கோப்பையினுள் மேல்நோக்கி நிறுத்தி, அதன்மேல் பால்நிற நெகிழிப் புட்டியொன்றில் நீர் நிரப்பி வைத்தால், புட்டி முழுவதும் ஒளிர்ந்து அறைக்கெல்லாம் மென்மையான ஒளி தரும். வெள்ளைக் கூரையை நோக்கி ஒளியைப் பாய்ச்சினாலும் இதே பயன் உண்டு. மெழுகுவர்த்தியை மட்டும் தவிருங்கள். பாயும் திரைச்சீலையும் கொசுவலையும் நெருங்கியிருக்கும் அறையில் அது பெருந்தீங்கு. கைப்பேசியின் விளக்கையும் தவிர்த்தல் வேண்டும். 999 என்னும் அவசர எண்ணை அழைக்க அதிலுள்ள மின்சாரம் தேவைப்படும். அன்று ஆற்றங்கரையில் நாங்கள் செய்த பிழை அதுவே.

அறிவியல் கழகத்திடம் 200 ரிங்கிட் இருந்தது. டி மின்கல விளக்குகள் இரண்டும் அவற்றிற்குரிய மின்கலங்களும் 130 ரிங்கிட். மின்னேற்ற விளக்கு ஒன்று 40 ரிங்கிட். மீதம் 30 ரிங்கிட்டிற்கு ஒரு தொகுதி டி மின்கலங்கள் கூடுதலாக. 15 ரிங்கிட் விளக்குகளை என்ன செய்வது என்று கேட்டபோது, தூணின் பின்னே நின்ற அம்மாணவன் அவற்றுள் ஒன்றைத் தனக்குத் தருமாறு வேண்டினான். அதன் எல்.இ.டி.யோடு கூடுதலாக ஒரு மின்தடையத்தை இணைத்து, ஒளியைக் குறைத்து, எத்தனை மணி நேரம் எரிகின்றதென்று பார்க்கப்போகின்றானாம். கொடுத்துவிட்டோம்.

மூன்று விளக்குகளும் இப்போது நூலகத்தின் கதவருகே, கைக்கெட்டும் உயரத்தில் ஆணியில் தொங்குகின்றன. இருட்டிலும் ஒளிரும் ஒட்டுத்தாள் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் உண்டு. மின்கலங்கள் அருகிலுள்ள பையில் இருக்கின்றன. ஒவ்வொரு திங்களும் முதல் திங்கட்கிழமை காலையில் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் வந்து, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மின்கலங்களைப் பொருத்தி விளக்கை ஏற்றுகின்றனர். முதன்முறை நான்கு நிமிடங்கள் ஆயின. சென்ற முறை 50 வினாடிகள்.